பரம்பரையின் பொருண்மை அடிப்படை: டி.என்.ஏ. ஆய்வின் வரலாறு பற்றிய சில சிந்தனைகள்

1. முகவுரை

"தாயைப் போலப் பிள்ளை, நூலைப் போலச் சேலை" என்னும் பழமொழி நம்மிடையே இன்றும் பெருவழக்காக உள்ளது. ஒரு தலைமுறையின் சாயல் அடுத்த தலைமுறையிலே தோன்றுவதை மக்கள் நெடுங்காலமாக அவதானித்து வந்தமைக்கு அது சான்று பகர்கின்றது. ஆயின், திருமணப் பேச்சிலும் குலப்பெருமை பேசுமிடத்தும் அப்பழமொழி எடுத்தாளப்படும்போது அவதானிப்பு என்ற நிலையைக் கடந்து தீர்ப்பாக மாறிவிடுகின்றது. பிறப்பே மனிதனின் தகுதியை நிர்ணயிக்கின்றது என்ற கருத்து, இயற்கை விதி என்னும் போர்வையில் அங்கே நுழைந்துவிடுகின்றது. பரம்பரை பற்றிய விஞ்ஞானத்தின் வரலாற்றை நோக்குமிடத்து, உண்மையைத் தேடும் அவதானிப்பும் சமூக நலன்களைக் காக்கும் தீர்ப்பும் ஒன்றோடொன்று பிணைந்தும் முரண்பட்டும் வந்துள்ளமையைக் காணலாம்.

பரம்பரையின் பொருண்மை அடிப்படை டீஒட்சிறைபோ நியூக்கிளிக்கமிலம், அதாவது டி.என்.ஏ., என்பது இன்று பாடசாலை மாணவரும் அறிந்த செய்தியாகும். 1953ஆம் ஆண்டிலே கேம்பிறிட்ஜில் இரு இளைஞரின் மேதாவிலாசத்தால் அவ்வுண்மை திடீரென வெளிப்பட்டது என்பதே பொதுவாக வழங்கும் வரலாறு. அவ்வரலாறு இருவகையிற் குறைபாடுடையது. முதலாவதாக, எண்பது ஆண்டுகளுக்கு மேலாகப் பலர் செலுத்திய உழைப்பை அது மறைத்துவிடுகின்றது. இரண்டாவதாக, அக்கண்டுபிடிப்பைச் சூழ்ந்திருந்த கருத்துப் போராட்டங்களிலிருந்து அதனைப் பிரித்துவிடுகின்றது. குறிப்பாக, முற்போக்குச் சிந்தனையாளர் பலர் ஒரு காலகட்டத்திற் பிறப்புரிமையியலை நிராகரித்த வரலாறு நம் சூழலிற் போதியளவு பரிசீலிக்கப்படவில்லை. டி.என்.ஏ. பற்றிய அடிப்படை உண்மைகளை அவை பெறப்பட்ட வரலாற்றுப் பின்னணியில் வைத்து விளக்குவதும், அவ்வரலாறு நமக்குணர்த்தும் பாடத்தை எடுத்துரைப்பதும் இக்கட்டுரையின் நோக்கங்களாகும்.

2. சீழிலிருந்து பெறப்பட்ட பொருள்

டி.என்.ஏ.யின் வரலாறு 1869ஆம் ஆண்டிலே ஜேர்மனியின் தூபிங்கன் நகரில் தொடங்குகின்றது. பிரெட்றிக் மீசர் என்னும் சுவிற்சர்லாந்து நாட்டு இளைஞர், ஹொப்பே-சைலர் என்ற இரசாயனவியலாளரின் ஆய்வுகூடத்திற் பணியாற்றிவந்தார். பழைய கோட்டை ஒன்றின் சமையற்கூடமே அக்காலத்தில் ஆய்வுகூடமாக மாற்றப்பட்டிருந்தது. அருகிலிருந்த சத்திரசிகிச்சை நிலையம் கழித்த, சீழ் படிந்த புண்கட்டுத் துணிகளைப் பெற்று, அச்சீழிலிருந்த வெண்குருதிக் கலங்களை மீசர் கழுவிப் பிரித்தெடுத்தார். அக்கலங்களின் கருவிலிருந்து, புரதங்களின் இயல்புக்கு மாறானதும் பொசுபரசை மிகுதியாகக் கொண்டதுமான ஒரு பொருளை அவர் பெற்றார். அதற்கு 'நியூக்கிளின்' எனப் பெயரிட்டார். முடிவுகள் வழமைக்கு மாறாக இருந்தமையால் ஹொப்பே-சைலர் அப்பரிசோதனைகளைத் தாமே மீளச்செய்து பார்த்த பின்னரே அவற்றை வெளியிட இசைந்தார். எனவே கட்டுரை 1871இலேயே வெளிவந்தது. கழிவென ஒதுக்கப்பட்ட பொருளே உயிரின் அடிப்படையை அறிதற்கான முதல் மூலப்பொருளாயிற்று என்பது ஈண்டு மனங்கொள்ளத்தக்கது.

இதற்குச் சில ஆண்டுகள் முன்னரே, 1865இல், பிறுன் நகரிலே கிறெகர் மெண்டல் பட்டாணிச் செடிகளைக் கொண்டு செய்த ஆய்வின் முடிவுகளை எடுத்துரைத்திருந்தார். பெற்றோரின் பண்புகள் நீரும் பாலும் போல ஒன்றுடனொன்று கலந்து மறைவதில்லை எனவும், தனித்தனி அலகுகளாகவே தலைமுறைகளுக்குக் கையளிக்கப்படுகின்றன எனவும் அவர் காட்டினார். அவரது ஆய்வு 1900ஆம் ஆண்டு வரை கவனிப்பாரற்றுக் கிடந்தது. பின்னர் நியூயோர்க் கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில் மோர்கனும் அவரது மாணவரும் பழ ஈக்களைக் கொண்டு செய்த ஆய்வுகளால், அவ்வலகுகள் கலக்கருவிலுள்ள நிறமூர்த்தங்களில் அமைந்துள்ளமை நிறுவப்பட்டது. அவ்வலகுகளையே நாம் பரம்பரையலகுகள் என்கிறோம். தமிழகத்தார் மரபணுக்கள் என்பர். எனினும் மெண்டலின் வழிவந்தோரும் மீசரின் வழிவந்தோரும் நெடுங்காலம் தனித்தனிப் பாதைகளிலேயே சென்றனர். பரம்பரையலகு என்பது எப்பொருளால் ஆனது என்ற வினாவே அவ்விரு பாதைகளும் சந்திக்கவேண்டிய இடமாக இருந்தது.

3. புரதமா, நியூக்கிளிக்கமிலமா?

நிறமூர்த்தங்களிற் புரதமும் டி.என்.ஏ.யும் ஆகிய இரண்டும் உள்ளன. இருபது வகை அமினோ அமிலங்களால் ஆகிய புரதங்கள் எண்ணற்ற வடிவங்களைப் பெறவல்லன. டி.என்.ஏ.யிலோ வெல்லமும் பொசுபேற்றும் அடனீன், குவானைன், சைற்றோசீன், தைமின் என்னும் நான்கு மூலங்களும் மட்டுமே காணப்பட்டன. இவற்றின் இரசாயன இயல்புகளை ஆராய்வதில் பெரும்பங்கு கொண்ட லெவீன், நான்கு மூலங்களும் சம அளவில் அமைந்து ஒரே ஒழுங்கில் மீண்டும் மீண்டும் வருகின்றன எனக் கருதினார். 'கசடத' என்ற நான்கெழுத்தையே ஓயாது திருப்பி எழுதுவதாற் செய்தி எதுவும் பெறப்படாதவாறு போல, அத்தகைய மூலக்கூறு பரம்பரைச் செய்தியைத் தாங்கவியலாது என்பதே அக்கருத்தின் விளைவாகும். பரம்பரையலகு புரதமாகவே இருத்தல் வேண்டும் என்ற எண்ணம் இதனால் வேரூன்றியது. நிறுவப்படாத ஊகமொன்று, பெயர்பெற்ற அறிஞரின் வாய்மொழியென்ற காரணத்தால் ஆய்வுலகைப் பல ஆண்டுகள் தடுத்துநிறுத்தியது.

அத்தடையை உடைத்த ஆய்வு எதிர்பாராத திசையிலிருந்து வந்தது. 1928இல் இலண்டனில் பிறெடரிக் கிறிபித் என்னும் வைத்திய அதிகாரி, நிமோனியா நோயை உண்டாக்கும் பற்றீரியாவை ஆராய்ந்துகொண்டிருந்தார். வெல்லப்பசை உறையுடைய வகை சுண்டெலிகளைக் கொன்றது; உறையற்ற வகை தீங்கு செய்யவில்லை. வெப்பத்தாற் கொல்லப்பட்ட உறையுடைய வகையும் தீங்கற்றதே. ஆயின் கொல்லப்பட்ட உறையுடைய வகையையும் உயிருள்ள உறையற்ற வகையையும் சேர்த்து ஊசிமூலம் ஏற்றியபோது சுண்டெலிகள் மடிந்தன. அவற்றின் குருதியில் உயிருள்ள, உறையுடைய பற்றீரியா காணப்பட்டது. அதன் வழித்தோன்றல்களும் உறையுடையனவாகவே பிறந்தன. இறந்த பற்றீரியாவிலிருந்து ஏதோ ஒரு பொருள் உயிருள்ளதனுட் சென்று அதன் பரம்பரையையே மாற்றியிருத்தல் வேண்டும். அப்பொருள் யாதென அறியுமுன்னரே, 1941இல் இலண்டன்மீது நிகழ்ந்த விமானக் குண்டுவீச்சில் கிறிபித் உயிரிழந்தார்.

அவ்வினாவுக்கு விடைகண்டவர் நியூயோர்க் றொக்பெல்லர் நிலையத்தைச் சேர்ந்த ஒஸ்வால்ட் ஏவரி ஆவார். மக்லியொட், மக்காட்டி ஆகியோருடன் சேர்ந்து அவர் 1944இல் வெளியிட்ட கட்டுரை உயிரியல் வரலாற்றின் திருப்புமுனைகளுள் ஒன்றாகும். மாற்றத்தை உண்டாக்கும் சாற்றிலிருந்த புரதத்தை நொதியங்களாற் சிதைத்தபோதும் அதன் ஆற்றல் குன்றவில்லை, டி.என்.ஏ.யைச் சிதைக்கும் நொதியத்தைச் சேர்த்தவுடன் ஆற்றல் அற்றுப்போயிற்று. அப்பொருள் டி.என்.ஏ.யே என்ற முடிவை ஏவரி மிகுந்த எச்சரிக்கையுடன் எடுத்துரைத்தார். எனினும் சாற்றிற் சிறிதளவு புரதம் எஞ்சியிருக்கலாம் என்ற ஐயம் எழுப்பப்பட்டது. 1952இல் அல்பிரெட் ஹேர்சியும் மார்த்தா சேசும், கதிர்த்தொழிற்பாடுடைய பொசுபரசையும் கந்தகத்தையும் அடையாளமாகக்கொண்டு, பற்றீரியாவைத் தாக்கும் வைரசின் டி.என்.ஏ.யே உள்ளே நுழைகின்றது, புரதம் பெரும்பாலும் வெளியே தங்கிவிடுகின்றது எனக் காட்டிய பின்னரே பலர் உடன்பட்டனர். ஏவரி நோபல் பரிசு பெறாமலே 1955இல் மறைந்தார்.

ஏவரியின் கட்டுரையாற் கவரப்பட்டுத் தம் ஆய்வுத்துறையையே மாற்றிக்கொண்டவர் கொலம்பியாப் பல்கலைக்கழகத்து ஏர்வின் சார்காப். மனிதன், மாடு, மதுவம், பற்றீரியா எனப் பல்வேறு உயிர்களின் டி.என்.ஏ.யை அளந்து, லெவீனின் ஊகம் தவறென அவர் நிறுவினார். நான்கு மூலங்களின் விகிதம் இனத்துக்கு இனம் வேறுபட்டது. ஆயின் எவ்வுயிரிலும் அடனீனின் அளவு தைமினின் அளவுக்கும், குவானைனின் அளவு சைற்றோசீனின் அளவுக்கும் ஏறத்தாழச் சமனாயிருந்தது. அச்சமன்பாட்டின் பொருள் அப்போது எவருக்கும் புலப்படவில்லை.

4. இரட்டைச் சுருளியும் அதன் பங்காளிகளும்

மூலக்கூறொன்றின் வடிவத்தை அறிதற்கு அக்காலத்திலிருந்த சிறந்த வழி எக்ஸ்-கதிர்ப் பளிங்கியலாகும். 1951 தொடக்கத்தில் இலண்டன் கிங்ஸ் கல்லூரியில் இணைந்த றொசலின்ட் பிராங்கிளின் அத்துறையிற் கைதேர்ந்தவர். ஈரப்பதன் மாறும்போது டி.என்.ஏ. இருவேறு நிலைகளை எடுக்கின்றது என்பதையும், பொசுபேற்றுக்கள் மூலக்கூற்றின் வெளிப்புறத்தில் அமைந்துள்ளன என்பதையும் அவர் தெளிவுபடுத்தினார். 1952 மே மாதத்தில், அவரது மேற்பார்வையில் றேமண்ட் கொஸ்லிங் எடுத்த 51ஆம் இலக்கப் படம் சுருளி அமைப்பைத் துலக்கமாகக் காட்டியது. அதே கல்லூரியைச் சேர்ந்த மோரிஸ் வில்கின்ஸ் 1953 சனவரியில் அப்படத்தை ஜேம்ஸ் வற்சனுக்குக் காட்டினார். பிராங்கிளினின் அளவீடுகள் அடங்கிய அறிக்கையொன்றும் கேம்பிறிட்ஜிலிருந்த பிரான்சிஸ் கிறிக்கின் கைக்கு எட்டியது. இவை இரண்டும் பிராங்கிளினின் அனுமதி பெறாமலே நிகழ்ந்தன.

வற்சனும் கிறிக்கும் இத்தரவுகளையும் சார்காப்பின் சமன்பாட்டையும் இணைத்து நோக்கினர். வெல்லமும் பொசுபேற்றும் மாறிமாறி அமைந்த ஈரிழைகள் எதிரெதிர்த் திசைகளில் ஒன்றையொன்று சுற்றிச் செல்கின்றன. மூலங்கள் உட்புறம் நோக்கி, முறுக்கேணியின் படிகள் போல அமைகின்றன. அடனீன் தைமினுடன் இரண்டு ஐதரசன் பிணைப்புக்களாலும், குவானைன் சைற்றோசீனுடன் மூன்று பிணைப்புக்களாலும் சேர்கின்றன. எனவே ஓரிழையின் மூலவரிசை தெரிந்தால் மற்றையதன் வரிசையும் தானே பெறப்படும். தன்னைத் தானே படியெடுக்கும் ஆற்றல் உயிருக்கு எங்ஙனம் வந்தது என்ற தொன்மையான வினாவுக்கு, அவ்வடிவமே விடையாக அமைந்தது. 1953 ஏப்பிரில் 25ஆந் திகதி 'நேச்சர்' சஞ்சிகையில் அவர்களது சிறு கட்டுரையும், அதனைத் தொடர்ந்து வில்கின்ஸ் குழுவினரதும் பிராங்கிளின், கொஸ்லிங் ஆகியோரதும் கட்டுரைகளும் வெளிவந்தன.

வற்சன், கிறிக் ஆகியோரின் சாதனையைக் குறைத்து மதிப்பிட வேண்டியதில்லை. சிதறிக்கிடந்த தரவுகளை ஒரு முழுமையாகக் காணும் ஆற்றல் அவர்களிடம் இருந்தது. எனினும் அத்தரவுகளை உழைத்துப் பெற்றவர் எவர் என்பதும், அவ்வுழைப்பின் பயன் எவர் பெயரிற் பதிவாயிற்று என்பதும் வரலாற்றாசிரியன் கேட்கவேண்டிய வினாக்களாகும். பிராங்கிளின் 1953இலேயே பேர்க்பெக் கல்லூரிக்குச் சென்று வைரசுகளின் அமைப்பை ஆராய்ந்தார். 1958இல், தமது 37ஆவது வயதில், புற்றுநோயால் மறைந்தார். 1962இல் வற்சன், கிறிக், வில்கின்ஸ் ஆகிய மூவர்க்கும் நோபல் பரிசு கிடைத்தது. 1968இல் வற்சன் எழுதிய நூலில் பிராங்கிளின் மிகவும் தாழ்த்தியே சித்திரிக்கப்பட்டார். அறிவுற்பத்தியிலே பெண்களின் உழைப்பு எங்ஙனம் கண்ணுக்குப் புலப்படாததாக்கப்படுகின்றது என்பதற்கு இது தக்க எடுத்துக்காட்டாகும்.

5. எழுத்தும் பொருளும்

இரட்டைச் சுருளி முன்மொழியப்பட்ட பின்னர் அதனை மெய்ப்பிக்கும் பணி தொடர்ந்தது. 1958இல் மெசெல்சனும் ஸ்தாலும் பாரமான நைதரசனிற் பற்றீரியாவை வளர்த்துப் பின்னர் சாதாரண நைதரசனுக்கு மாற்றினர். ஒரு தலைமுறையின் பின் டி.என்.ஏ. முழுவதும் இடைப்பட்ட பாரமுடையதாயிருந்தது. இரண்டாம் தலைமுறையிற் பாதி இடைப்பட்டதாயும் பாதி இலேசானதாயும் காணப்பட்டது. ஒவ்வொரு புதிய மூலக்கூறும் ஒரு பழைய இழையையும் ஒரு புதிய இழையையும் கொண்டதென்பது இதனால் உறுதியாயிற்று. பழையது அழியாது புதியதிற் பாதியாக நிலைபெறுவதே பரம்பரையின் பொறிமுறை எனலாம்.

டி.என்.ஏ. நேரடியாக உடலை ஆக்குவதில்லை. அதன் மூலவரிசை முதலில் ஆர்.என்.ஏ. என்னும் தூது மூலக்கூறாகப் படியெடுக்கப்படுகின்றது. கலத்திலுள்ள றைபோசோம்கள் அத்தூதை மும்மூன்று எழுத்துக்களாக வாசித்து, உரிய அமினோ அமிலங்களைக் கோத்துப் புரதத்தை ஆக்குகின்றன. நான்கெழுத்துக்களை மும்மூன்றாகச் சேர்த்தால் 64 சொற்கள் பெறப்படும். அவற்றுள் 61 அமினோ அமிலங்களையும் எஞ்சிய 3 முற்றுப்புள்ளியையும் குறிப்பன. இச்சொற்களுள் முதலாவதை நிரென்பேர்க்கும் மத்தேயும் 1961இற் கண்டறிந்தனர். பஞ்சாப் கிராமமொன்றிற் பிறந்து அமெரிக்காவிற் பணியாற்றிய ஹர் கோபிந்த் கொரானா, வேண்டிய வரிசையில் நியூக்கிளிக்கமிலங்களைத் தொகுத்து எஞ்சிய சொற்களின் பொருளைத் தெளிவாக்க உதவினார். 1966இல் அகராதி முற்றுப்பெற்றது. பற்றீரியா முதல் மனிதன் வரை அவ்வகராதி ஏறத்தாழ ஒன்றேயென்பது, உயிர்கள் யாவும் ஒரே மூலத்திலிருந்து கூர்ப்படைந்தன என்பதற்குக் கிடைத்த வலிமைமிக்க சான்றாகும்.

ஓரெழுத்தின் மாற்றம் எத்துணை விளைவை உண்டாக்கும் என்பதை அரிவாட்கலச் சோகை காட்டுகின்றது. ஈமோகுளோபினின் ஒரு சங்கிலியில் ஆறாவது இடத்திலுள்ள குளுத்தமிக்கமிலத்துக்குப் பதிலாக வலீன் அமைவதே அந்நோயின் காரணம். அதற்கு டி.என்.ஏ.யில் ஓரெழுத்து மாறினாற் போதும்.

6. நிராகரிப்பின் வரலாறு

இவ்வாறு பரம்பரையின் பொருண்மை அடிப்படை வெளிப்பட்டுவந்த அதே காலத்தில், பொருள்முதல்வாதத்தைத் தன் அதிகாரபூர்வமான தத்துவமாகக் கொண்ட சோவியத் ஒன்றியத்தில், பரம்பரையலகு என்பதே முதலாளித்துவக் கற்பனை எனக் கண்டிக்கப்பட்டது. இம்முரண்பாட்டைப் புரிந்துகொள்வதற்கு அதன் பின்னணியை மனங்கொள்ளல் வேண்டும். இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியிற் பிறப்புரிமையியலின் பெயரைக் கூறியே ஏழைகளும் நோயாளரும் சிறுபான்மையினரும் ஒடுக்கப்பட்டனர். 1907 முதல் அமெரிக்க மாநிலங்கள் பல, 'தகுதியற்றோர்' எனத் தாம் கருதியோரைக் கட்டாயமாக மலடாக்கும் சட்டங்களை இயற்றின. 1933இல் நாசி ஜேர்மனியும் அத்தகைய சட்டத்தைக் கொணர்ந்தது. அவ்வழி எங்குச் சென்று முடிந்தது என்பதை உலகு அறியும். எனவே சமத்துவத்தை விரும்பியோர் பரம்பரைக் கோட்பாட்டை ஐயத்துடன் நோக்கியமை வியப்புக்குரியதன்று.

அவ்வையத்தைத் தம் ஏற்றத்துக்குப் பயன்படுத்தியவர் திரோபிம் லைசென்கோ. ஈரமாக்கிய கோதுமை விதையைக் குளிரில் வைத்து விதைக்கும் முறையைப் பரப்பிப் பெயர்பெற்ற அவர், சூழலைக்கொண்டு பயிரின் பரம்பரையையே விரும்பியவாறு மாற்றலாம் என வாதித்தார். பஞ்சத்தால் நலிந்த நாட்டில் விரைவான விளைச்சலை வாக்களித்த அவரது குரல் ஆட்சியாளர்க்கு உவப்பாயிருந்தது. மறுபுறத்தில், உலகெங்கும் பயணஞ்செய்து பயிர்வித்துக்களைத் திரட்டி லெனின்கிராட்டில் மாபெரும் களஞ்சியத்தை உருவாக்கிய நிக்கொலாய் வவிலோவ், நாட்டின் உணவுப் பிரச்சினைக்குப் பிறப்புரிமையியலின் வழியே தீர்வுதேடினார். அவர் 1940இற் கைதுசெய்யப்பட்டார். 1943 சனவரியில் சரத்தோவ் சிறையிற் பட்டினியால் மடிந்தார். முற்றுகையிடப்பட்ட லெனின்கிராட்டில் அவரது சகபாடிகள் சிலர், தம் பொறுப்பிலிருந்த நெல்லையும் கோதுமையையும் உண்ணாமற் காத்து, பசியால் இறந்தனர். மக்களுக்காக விஞ்ஞானம் என்ற இலட்சியத்தை மெய்யாக வாழ்ந்துகாட்டியோர் அவர்களே எனல் மிகையாகாது.

1948 ஆகத்தில் நடைபெற்ற விவசாய விஞ்ஞானக் கழக மாநாட்டிலே லைசென்கோவின் அறிக்கை கட்சியின் மத்திய குழுவால் அங்கீகரிக்கப்பட்டதென அறிவிக்கப்பட்டது. அதன்பின் சோவியத் நாட்டிற் பிறப்புரிமையியல் கற்பித்தலும் ஆய்வும் நிறுத்தப்பட்டன. ஏவரியின் கட்டுரை வெளிவந்து நான்கு ஆண்டுகள் கழிந்த பின்னர் இது நிகழ்ந்தது. வெளிநாட்டு முற்போக்காளர் பெரும் தர்மசங்கடத்துக்குள்ளாகினர். பிராங்கிளினைப் பேர்க்பெக்கில் ஆதரித்த மாக்சிய விஞ்ஞானி பேர்னால், லைசென்கோவுக்காக வாதாடினார். பிறப்புரிமையியலின் முன்னோடிகளுள் ஒருவரும் பிரித்தானியக் கம்யூனிஸ்ட் கட்சி உறுப்பினருமான ஹால்டேன் தயங்கித் தடுமாறி, 1950 அளவில் ஆரவாரமின்றிக் கட்சியை விட்டு நீங்கினார். பின்னர் 1957இல் இந்தியாவிற் குடியேறிய அவர், 1964இல் புவனேஸ்வரில் மறைந்தார்.

1961இல் மொஸ்கோவில் நடைபெற்ற சர்வதேச உயிர்இரசாயன மாநாட்டிலேயே நிரென்பேர்க் பரம்பரை மொழியின் முதற்சொல்லை அறிவித்தார். லைசென்கோவின் செல்வாக்கு அப்போதும் அந்நாட்டில் முற்றாக நீங்கியிருக்கவில்லை. 1965இலேயே அவர் பிறப்புரிமையியல் நிலையத்தின் தலைமைப் பதவியை இழந்தார். உண்மைக்கும் அதிகாரத்துக்குமிடையிலான இடைவெளியை இதனினும் தெளிவாகக் காட்டும் நிகழ்ச்சி அரிது.

7. சூழலின் உண்மையான பங்கு

லைசென்கோ தவறிழைத்தார் என்பதனாற் சூழலுக்குப் பங்கே இல்லையென முடிவுசெய்தல் மற்றொரு தவறாகும். இங்கு ஜாக் மொனோ என்னும் பிரெஞ்சு விஞ்ஞானியின் வாழ்வு கருதத்தக்கது. நாசி ஆக்கிரமிப்பை எதிர்த்த தலைமறைவுப் போராட்டத்திற் பங்குகொண்ட அவர், அக்காலத்திற் கம்யூனிஸ்ட் கட்சியிலும் இணைந்திருந்தார். 1948 செப்டெம்பரில் 'கொம்பா' பத்திரிகையில் லைசென்கோவைக் கண்டித்து எழுதினார். அதே மொனோ, பிரான்சுவா ஜாக்கொப்புடன் சேர்ந்து 1961இல் வெளியிட்ட ஆய்வே, சூழல் பரம்பரையலகின்மீது எங்ஙனம் செயற்படுகின்றது என்பதை முதன்முதலாகத் திட்டவட்டமாக விளக்கியது.

குடலில் வாழும் ஒருவகைப் பற்றீரியாவுக்கு, பால்வெல்லமாகிய இலற்றோசைச் சிதைக்கும் நொதியத்தை ஆக்கும் பரம்பரையலகு உண்டு. இலற்றோசு இல்லாதபோது, ஓர் அடக்கிப் புரதம் டி.என்.ஏ.யிற் பொருந்தி நின்று அவ்வலகைச் செயற்படவிடாது தடுக்கின்றது. இலற்றோசு வந்தவுடன் அவ்வடக்கி விலக, நொதியம் ஆக்கப்படுகின்றது. எழுத்து மாறவில்லை, எழுத்து வாசிக்கப்படும் சூழ்நிலையே மாறுகின்றது. நமது ஈரற்கலமும் நரம்புக்கலமும் ஒரே டி.என்.ஏ.யைக் கொண்டிருந்தும் வேறுபட்டிருப்பதற்கு இத்தகைய ஒழுங்காக்கமே காரணம். அண்மைக்கால ஆய்வுகள் டி.என்.ஏ.யின்மேற் படியும் இரசாயன அடையாளங்களும் இவ்வொழுங்காக்கத்திற் பங்குகொள்வதைக் காட்டியுள்ளன. இவை லைசென்கோவுக்கு நியாயம் வழங்குவன எனச் சிலர் கூறுவது பொருந்தாது. பரம்பரையலகை மறுத்தவரின் கூற்றை, பரம்பரையலகின் தொழிற்பாட்டை விளக்கும் ஆய்வு எங்ஙனம் நிறுவும்?

பரம்பரை என்பது மாற்றவியலாத விதியுமன்று. பினைல்கீற்றனூரியா என்னும் பரம்பரை நோயுடைய குழந்தைகள் சிகிச்சையின்றி விடப்பட்டால் மூளைவளர்ச்சி குன்றுவர். 1950களின் தொடக்கத்தில், பினைலலனீன் குறைந்த உணவால் அப்பாதிப்பைத் தணிக்கலாமெனக் காட்டப்பட்டது. பிறந்தவுடன் நோயை இனங்கண்டு அவ்வுணவை வழங்கும் சமூகத்தில் அக்குழந்தை இயல்பாக வளரும். அவ்வசதியற்ற சமூகத்தில் வளராது. இரு குழந்தைகளின் டி.என்.ஏ.யும் ஒன்றேயாயினும் வாழ்வு ஒன்றன்று.

அவ்வாறே டி.என்.ஏ.யில் வரலாறும் பதிந்துள்ளது. தலசீமியா என்னும் குருதிநோயின் பரம்பரையலகு, மலேரியா பரவிய நாடுகளில் மிகுந்து காணப்படுவதற்குக் காரணம், அவ்வலகை ஒரு பெற்றோரிடமிருந்து மட்டும் பெற்றவர்க்கு மலேரியாவை எதிர்க்கும் ஆற்றல் உண்டு என்பதாக இருக்கலாமென ஹால்டேன் 1949இல் வெளியான கட்டுரையிற் கருத்துரைத்தார். பிற்கால ஆய்வுகள் அக்கருத்தை வலுப்படுத்தின. 1934–35இல் மலேரியாக் கொள்ளைநோயாற் பேரழிவுற்ற நமது நாடு, 2016இல் அந்நோயிலிருந்து விடுபட்டதென உலக சுகாதார நிறுவனத்தாற் சான்றளிக்கப்பட்டது. ஆயின் தலசீமியா இங்குத் தொடர்ந்தும் பல குடும்பங்களை வருத்துகின்றது. முன்னோரைக் காத்த விகாரம் வழித்தோன்றலுக்குச் சுமையாயிற்று. நல்ல பரம்பரை, தீய பரம்பரை என்ற பாகுபாடு எத்துணை நிலையற்றது என்பதை இதனால் உணரலாம்.

8. முடிவுரை

மனித டி.என்.ஏ.யின் ஏறத்தாழ முந்நூறு கோடி எழுத்துச் சோடிகளை வாசிக்கும் முயற்சி 1990இல் தொடங்கி 2003இல் நிறைவுற்றதாக அறிவிக்கப்பட்டது. மனிதனிற் புரதங்களுக்குரிய பரம்பரையலகுகள் ஏறத்தாழ 20,000 மட்டுமே எனவும், நெற்பயிருக்கு அதனிலும் கூடுதலான அலகுகள் உண்டு எனவும் தெரியவந்தது. இனங்களைப் பொறுத்தவரை, 1972இலேயே றிச்சாட் லெவொன்ரின், மனிதரிடையேயுள்ள பரம்பரை வேறுபாட்டில் ஏறத்தாழ 85 சதவீதம் ஒவ்வொரு மக்கட்கூட்டத்தினுள்ளேயே காணப்படுகின்றதெனக் கணித்திருந்தார். பிறப்பாற் சாதியுயர்வு பேசுவோரும் இரத்தத் தூய்மை பேசுவோரும் டி.என்.ஏ.யிடம் சான்று பெறவியலாது. ஆயினும், இரட்டைச் சுருளியைக் கண்டவருள் ஒருவரான வற்சனே 2007இல் ஆபிரிக்கரின் அறிவாற்றலை இழிவுபடுத்திப் பேசி, தாம் பணியாற்றிய நிலையத்தின் தலைமைப் பதவியைத் துறக்கநேர்ந்தது. ஓர் உண்மையைக் கண்டறிந்தவர் அவ்வுண்மையின் பொருளையும் சரிவர உணர்ந்திருப்பார் என எண்ணுதற்கில்லை.

டி.என்.ஏ. இன்று உடைமைப் பிரச்சினையுமாகும். மார்பகப் புற்றுநோயோடு தொடர்புடைய இரு பரம்பரையலகுகளுக்கு அமெரிக்க நிறுவனமொன்று பெற்றிருந்த காப்புரிமையை, இயற்கையில் உள்ள டி.என்.ஏ. எவரதும் புத்தாக்கமன்று எனக் கூறி, அந்நாட்டு உயர்நீதிமன்றம் 2013இல் செல்லாததாக்கியது. மறுபுறம், மனித டி.என்.ஏ.யை வாசித்த பொதுத்துறை விஞ்ஞானிகள், தாம் பெற்ற தரவுகளை 24 மணி நேரத்துள் உலகறிய வெளியிடுவதென 1996இல் உடன்பட்டு அவ்வாறே ஒழுகினர். எதிர்காலப் போராட்டம் இவ்விரு போக்குகளுக்குமிடையே நிகழ்வது.

இவ்வரலாறு நமக்கு உணர்த்தும் பாடம் இரண்டு. ஓர் உண்மை நமக்கு ஒவ்வாதவர்களாற் பயன்படுத்தப்படுகின்றது என்பதற்காக அவ்வுண்மையை மறுத்தல் கூடாது; அங்ஙனம் மறுத்தவர்கள் தம் வயல்களையும் தம் விஞ்ஞானிகளையும் இழந்தனர். அவ்வாறே, ஓர் உண்மை நிறுவப்பட்டுவிட்டது என்பதற்காக அதன்மேல் ஏற்றப்படும் சமூகத் தீர்ப்புக்களை ஏற்றலும் கூடாது. பிள்ளை தாயைப் போலிருப்பதன் காரணத்தை டி.என்.ஏ. விளக்கும். அப்பிள்ளைக்குக் கல்வியும் உணவும் மருத்துவமும் மறுக்கப்படுவதன் காரணத்தை அதனால் விளக்கவியலாது; அதனைச் சமூக அமைப்பிலேயே தேடுதல் வேண்டும். இவ்வேறுபாட்டைத் தெளிவாகப் பேணி, அறிவியலை மக்களின் உடைமையாக்குவது தமிழில் அறிவியல் எழுதுவோரதும் கற்பிப்போரதும் கடமையாகும்.